ஈரம் தெரியுற இடத்துல தோண்டாதீங்க!

நீர்ப்பாசனம்: கேள்வி-பதில்

‘‘பொங்கலூர் பக்கம் 3 ஏக்கரில் தென்னை வைத்திருக்கிறோம். போர்வெல்லில் இருந்து 600 அடி தூரத்துக்கு நிலத்துக்குள் இரண்டரை அங்குல பி.வி.சி குழாய் போட்டு, தோட்டத்தை 4 பகுதிகளாகப் பிரித்துச் சொட்டுநீர் பாய்ச்சுகிறோம். மூன்று மாதங்களாகக் கடைசிப் பகுதி மரங்களுக்குத் தண்ணீர் எட்டவில்லை. மட்டைகள் தொங்குகின்றன, குரும்பை கொட்டுகிறது. வேலியோரம் ஓரிடத்தில் ஈரமாக இருந்தது. ஆள் விட்டுத் தோண்டிப் பார்த்தோம். அங்கே குழாய் நன்றாகத்தான் இருக்கிறது. குழாய் எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்தவர் என் கணவர் மட்டும்தான். அவர் இறந்து இரண்டு வருடமாகிறது. ‘போர்ல தண்ணி வத்திப்போச்சு, புதுசா ஒண்ணு போடுங்க’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு நகையைத்தான் அடகு வைக்க வேண்டும். என்ன செய்யலாம்?’’

- வாசகி, பொங்கலூர், திருப்பூர் மாவட்டம்.

நகை இப்போதைக்குப் பெட்டியிலேயே இருக்கட்டும். போர்வெல் வற்றியிருக்கிறதா, அல்லது இறைக்கிற தண்ணீர் வழியில் தொலைகிறதா என்பதை 200 லிட்டர் டிரம் ஒன்று, கடிகாரம், இரண்டு மூன்று நாள் காலை நேரம்... இவற்றை வைத்தே முடிவு செய்துவிடலாம். அதற்குப் பிறகும் போர்வெல்தான் காரணம் என்று தெரிந்தால், அப்போது புதிய போர் பற்றி யோசிக்கலாம்.

உங்கள் கடைசிப் பகுதிக்குத் தண்ணீர் குறைய மூன்று காரணங்கள் இருக்கலாம். போர்வெல் ஊற்றுக் குறைவு, ஃபில்டர் அடைப்பு, குழாய்க் கசிவு. மூன்றுக்கும் அறிகுறி வேறு வேறு.

போர்வெல்லை முதலில் சோதியுங்கள். போர்வெல் வாயிலேயே குழாயைக் கழற்றி, தண்ணீரை டிரம்மில் பிடியுங்கள். 200 லிட்டர் டிரம் 80 விநாடியில் நிரம்பினால், மணிக்கு 9,000 லிட்டர் வருகிறது என்று அர்த்தம். மோட்டாரை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, 15 நிமிடத்துக்கு ஒருமுறை நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊற்று குறைந்த போர்வெல்லில் முதல் டிரம் வேகமாக நிரம்பும். போகப் போக நேரம் கூடும். தண்ணீர் காற்றோடு சேர்ந்து விட்டு விட்டுத் துப்பும். ஒரு மணி நேரமும் ஒரே அளவாக வந்தால், உங்கள் போர்வெல் மேல் குற்றமில்லை. குழாய் வழியாக மேடு பள்ளம் தாண்டிப் போகும்போது மோட்டார் தள்ளும் தண்ணீரைவிட, இப்படித் திறந்த வாயில் கூடுதலாகவே தள்ளும். அந்தக் கூடுதல் அளவையே தாங்குகிற போர்வெல், பாசனத்துக்குத் தாராளமாகத் தாங்கும்.

அடுத்து, ஃபில்டர். அதன் முன்னும் பின்னும் உள்ள பிரஷர் கேஜ்களைப் பாருங்கள். முன்னால் இருப்பது அதிகமாகவும், பின்னால் இருப்பது அதைவிட அரை கிலோவுக்கு மேல் குறைவாகவும் காட்டினால், ஃபில்டரில் அடைப்பு. கழுவினால் போதும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, இரண்டுமே வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டினால், ஃபில்டரைத் தாண்டி எங்கோ தண்ணீர் வெளியேறுகிறது. அதுதான் கசிவு.

நம்மூரில் விவசாய மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லை. அதனால் மோட்டார் தினமும் இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓடினாலும் கணக்கில் தெரிவதில்லை. ஆனால், மணிக்கு 1,800 லிட்டர் கசிகிற குழாயில், 6 மணி நேரத்தில் 10,800 லிட்டர் மண்ணுக்குள் போய்விடும். தென்னைக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், அது 108 மரங்களுக்கான தண்ணீர். நீங்கள் புதிய போர் போட்டாலும், அந்தத் தண்ணீரும் இதே ஓட்டை வழியாகத்தான் போகும்.

வேலியோரம் ஏன் ஏமாற்றியது?

குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தை மூடும்போது, அந்த மண் பக்கத்து மண் அளவுக்கு இறுகுவதில்லை. அதனால் கசிகிற தண்ணீர், குழாயை ஒட்டியே அந்தப் பழைய பள்ளத்துக்குள் சரிவை நோக்கி ஓடும். அடியில் சுக்கான் பாறை மேலே ஏறி வருகிற இடத்திலோ, மண் இறுக்கமாகிற இடத்திலோ தடைபட்டு மேலே வரும். நீங்கள் தோண்டியது தண்ணீர் வெளியே வந்த வாசலை. கசிவு அதற்கு மேட்டுப் பக்கம், பல அடி தள்ளி இருக்கலாம். கரிசல் மண்ணில் இன்னும் சிக்கல். வெடிப்பு வழியாகத் தண்ணீர் கீழே இறங்கிவிடும். மேலே ஈரமே தெரியாது. ஆகவே, ஈரத்தை ஒரு தகவலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதை நம்பி மண்வெட்டியை எடுக்க வேண்டாம்.

கசிவு இருப்பதை உறுதி செய்வது எப்படி?

குழாயில் தண்ணீரை நிரப்பி, எல்லா வழியையும் அடைத்து, அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வெயில் ஏறினால் குழாய் சூடாகி அழுத்தம் மாறும். அதனால் விடியற்காலையில் செய்யுங்கள்.

1. நான்கு பகுதிகளின் வால்வுகளையும் மூடுங்கள். மூடிய பிறகும் ஏதாவது ஒரு பகுதியில் சொட்டுவான்கள் சொட்டிக்கொண்டே இருந்தால், அந்த வால்வு சரியாக அடைக்கவில்லை. அதை முதலில் மாற்றுங்கள். கசிவைத் தேடிப் பல நாள் அலைந்தவர்கள் கடைசியில் பழைய கேட் வால்வில் வந்து நிற்பது வழக்கமான கதை.

2. பைபாஸ் வால்வைத் திறந்து வைத்துக்கொண்டு மோட்டாரைப் போடுங்கள். எல்லாவற்றையும் அடைத்துவிட்டுப் போடக் கூடாது. ஆழ்துளை மோட்டார் முழு அழுத்தத்தையும் கொடுத்தால், 4 கிலோ ரகக் குழாய் வெடித்துவிடும்.

3. மெயின் லைனின் மேடான இடத்தில் உள்ள ஏர் வால்வு வழியாகவும், கடைசியில் உள்ள ஃப்ளஷ் வால்வு வழியாகவும் காற்று முழுவதும் வெளியேறட்டும். காற்று உள்ளே தங்கினால், அது ஸ்பிரிங் மாதிரி இருந்துகொண்டு அழுத்தம் குறைவதை மறைத்துவிடும்.

4. பைபாஸை மெதுவாக மூடி, கேஜ் ஒன்றரை கிலோ காட்டும்போது, ஃபில்டருக்கு முன்னால் உள்ள மெயின் வால்வை அடைத்துவிட்டு, உடனே மோட்டாரை நிறுத்துங்கள். இனி ஃபில்டருக்குப் பின்னால் உள்ள கேஜைத்தான் கவனிக்க வேண்டும்.

ஊசி 15 நிமிடம் அப்படியே நின்றால், மெயின் லைன் நன்றாக இருக்கிறது. கசிவு சப்-மெயினிலோ லேட்டரலிலோ இருக்கலாம். ஒவ்வொரு பகுதியாகத் திறந்து பார்க்க வேண்டும். ஊசி சில விநாடிகளில் சரிந்தால் பெரிய உடைப்பு. மெதுவாக இறங்கினால், இணைப்பு ஒன்றில் ஊறல் அல்லது மயிரிழை விரிசல். ஊசி இறங்கும்போது இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். மெயின் வால்வுக்கு முன்னால் உள்ள யூனியனைக் கழற்றினால், மூடிய வால்வு வழியே தண்ணீர் பின்னால் வருகிறதா என்று தெரியும். வந்தால் குற்றவாளி அந்த வால்வுதான்.

சிலர் கம்ப்ரஸரைக் கொண்டு வந்து குழாய்க்குள் காற்றடித்துச் சோதிக்கச் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். தண்ணீர் அழுத்தத்தில் உடைகிற பி.வி.சி, ஒழுகிவிட்டு நின்றுவிடும். காற்றழுத்தத்தில் உடைந்தால் சில்லுகளாகச் சிதறி ஆளையே காயப்படுத்தும்.

குழாய் போகும் வழி தெரியாவிட்டால்?

பகுதி வால்வுகள் தரைக்கு மேலே தெரிகின்றன அல்லவா? மெயின் லைன் அந்த வால்வுகளுக்குப் பக்கத்தில்தான் போயாக வேண்டும். பெரும்பாலும் ஒரு வால்வுக்கும் அடுத்த வால்வுக்கும் இடையில் நேர்கோட்டில்தான் குழாய் இருக்கும். கயிறு பிடித்துப் பாருங்கள். கயிற்றின் கீழே தரை லேசாகக் குழிந்திருந்தால், அது பழைய பள்ளத்தின் தடம். அன்றைக்குப் பள்ளம் எடுத்த ஆளோ, குழாய் ஒட்டிய பிளம்பரோ ஊரில் இருந்தால் ஒருமுறை வரவழைத்துக் கேட்டுவிடுங்கள். உலோகம் கண்டுபிடிக்கும் கருவி பி.வி.சி குழாயைக் காட்டாது. கடப்பாரையைக் குழாயில் வைத்துக் காது கொடுத்துக் கேட்கிற முறை, இரும்புக் குழாய்க்குத்தான் நன்றாகப் பொருந்தும். பிளாஸ்டிக் குழாய் சத்தத்தை அவ்வளவாகக் கடத்தாது.

பாதி பாதியாகப் பிரியுங்கள்!

600 அடிக்கு, 20 அடி நீளத்தில் 30 குழாய்கள் இருக்கும். ஒரு முனையிலிருந்து தோண்டிக்கொண்டே போனால் பொக்லைன் வாடகையும் போகும், தென்னை வேரும் போகும். நடுவில், அதாவது 300 அடி அருகில் ஏதாவது ஒரு வால்வு பிரியும் இடத்தில் மட்டும் தோண்டி, மெயின் லைனில் யூனியனோடு ஒரு பால் வால்வைப் பொருத்துங்கள். ஒட்டிய இணைப்பு 24 மணி நேரம் காய்ந்த பிறகு, அதை மூடிவிட்டு முன்பாதியை மட்டும் மேலே சொன்னபடி சோதியுங்கள். ஊசி நின்றால், கசிவு பின்பாதியில். இப்படி 600 அடி 300 ஆகும்; அடுத்து 150; அடுத்து 75. ஐந்து முறை பாதியாக்கினால், ஒரே ஒரு குழாய் நீளத்துக்கு வந்துவிடலாம். அத்தனை முறை வெட்ட வேண்டியதில்லை. இரண்டு வால்வு போதும். அவை வீண் செலவும் அல்ல. நாளைக்கு ஓரிடத்தில் பழுது வந்தால், மற்ற மரங்களுக்குத் தண்ணீர் விடலாம்.

உங்கள் நிலம் ஒரே பக்கமாகச் சரிந்திருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. மோட்டாரை நிறுத்தி, பகுதி வால்வுகளை மூடிவிட்டு, குழாயின் மேட்டு முனையைக் காற்று நுழையும்படி திறந்து வையுங்கள். பள்ளத்து முனையில், ஃப்ளஷ் வால்வு இருக்கும் இடத்தில், நீளமான கண்ணாடி டியூபை மாட்டி, ஒரு கம்பில் நிமிர்த்திக் கட்டுங்கள். கம்பு, மேட்டு முனையின் மட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். டியூபில் தண்ணீர் முதலில் மேட்டு முனையின் மட்டத்துக்கு நிற்கும். கசிவு வழியாகத் தண்ணீர் போகப் போக, இந்த மட்டமும் இறங்கும். ஓரிடத்தில் இறக்கம் நின்றுவிடும். அதுதான் ஓட்டை இருக்கும் உயரம். ஓட்டைக்குக் கீழே உள்ள தண்ணீர் வெளியேற வழியில்லையே! இரவு முழுக்க விட்டு, காலையில் அந்த மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூபைக் கொண்டு, அதே மட்டத்தைக் குழாய்த் தடம் நெடுகப் பாருங்கள். குழாய் இரண்டரை அடி ஆழத்தில் இருந்தால், தரை அந்த மட்டத்தைவிட இரண்டரை அடி உயரமாக இருக்கும் இடத்தின் அடியில்தான் கசிவு. நிலம் மேடு பள்ளமாக ஏறி இறங்கினால் இந்த முறை சரிவராது. டியூபில் தண்ணீர் கொஞ்சமும் இறங்காவிட்டால், விரிசல் அழுத்தம் இருக்கும்போது மட்டும் திறக்கிறது என்று பொருள். அப்போது வால்வு முறைதான் ஒரே வழி.

இடம் சுமாராகத் தெரிந்ததும், மெல்லிய இரும்புக் கம்பியால் குழாய்த் தடத்துக்கு ஓர் அடி தள்ளி, இரண்டடிக்கு ஓரிடம் குத்திப் பாருங்கள். கம்பி நுனியில் சேறு ஒட்டி வருகிற இடங்களில், மேட்டுப் பக்கம் கடைசியாக எது ஈரமோ, அங்கே தோண்டுங்கள். கடைசி அரை அடிக்குக் கடப்பாரை வேண்டாம். கையாலோ களைக்கொத்தாலோ மண்ணை எடுங்கள்.

ஒட்டினால் மட்டும் போதாது!

சைக்கிள் டியூப் சுற்றிக் கம்பி கட்டுவது, அன்றைய ராத்திரிக்குத்தான் உதவும். பழுதான பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டு போடுங்கள். முனைகளைத் துடைத்து, ஈரமில்லாமல் காயவைத்து, உப்புத்தாள் தேய்த்து, சால்வென்ட் சிமென்ட் தடவி, கப்ளருக்குள் முழுதாகச் செலுத்தி, அரை நிமிடம் அசையாமல் பிடியுங்கள். 24 மணி நேரம் கழித்துத்தான் அழுத்தம் கொடுக்க வேண்டும். சோதித்துப் பார்க்கும்வரை குழியை மூட வேண்டாம்.

எதனால் உடைந்தது என்பதையும் பாருங்கள். அடியில் கல் குத்தியிருந்தால், கல்லை எடுத்து மணல் பரப்புங்கள். டிராக்டர் கலப்பை பட்டிருந்தால், அந்த இடத்தில் ஆழம் போதவில்லை. வளைவிலோ ‘டீ’யிலோ இணைப்பு விலகியிருந்தால், தண்ணீர் தள்ளும் வேகத்தைத் தாங்க அங்கே கான்கிரீட் முட்டு கொடுக்க வேண்டும். மின்சாரம் போய் வரும்போதும், வால்வைச் சட்டென்று மூடும்போதும் குழாய்க்குள் தண்ணீர் அடித்து இணைப்புகளைப் பிளக்கும். ஒரு பகுதி முடிந்தால், அடுத்த பகுதி வால்வைத் திறந்த பிறகே முதல் வால்வை மெதுவாக மூடுங்கள்.

இந்த வேலை முடிந்த அன்றைக்கே, குழாய் போகும் வழியை ஒரு நோட்டில் வரைந்துவிடுங்கள். போர்வெல்லில் இருந்து எத்தனை அடி, எந்தத் தென்னையில் இருந்து எத்தனை அடி, எங்கே வளைவு, எங்கே வால்வு என்று எழுதி, வளைவுகளில் கல் நட்டுவிடுங்கள். வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்த விஷயம், இனி எல்லோருக்கும் தெரியட்டும்.

‘‘முன்பெல்லாம் சுவிட்ச் போட்டவுடன் போர்வெல்லில் தண்ணீர் வரும். இப்போது 3 நிமிடம் கழித்துத்தான் வருகிறது. மோட்டார் பழுதா?’’

- வாசகர், எருமப்பட்டி, நாமக்கல் மாவட்டம்.

மோட்டார் மேல் இப்போதே பழி போட வேண்டாம். மோட்டார் நின்ற பிறகும், போர்வெல்லுக்குள் இறங்கியிருக்கும் குழாயில் தண்ணீர் நிறைந்தே இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் சுவிட்ச் போட்டதும் வரும். உங்களுக்கு அந்தக் குழாய் ஒவ்வொரு முறையும் காலியாகிவிடுகிறது. மோட்டாரை நிறுத்தியதும் வெளிக்குழாய் வாயில் உள்ளங்கையை வையுங்கள். உள்ளே இழுப்பது தெரிந்தால், தண்ணீர் கீழே இறங்குகிறது என்பது உறுதி.

காரணம் இரண்டில் ஒன்று. மோட்டாருக்கு மேலே உள்ள என்.ஆர்.வி வால்வு பழுதாகியிருக்கலாம். அல்லது இறக்கிய குழாயின் இணைப்பில் கசிவு இருக்கலாம். இதைப் பிரித்தறிய, மோட்டார் ஓடும்போது போர்வெல் மூடியைத் திறந்து காது கொடுங்கள். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால், நீர்மட்டத்துக்கு மேலே உள்ள இணைப்பில் ஓட்டை. இறைத்த தண்ணீரையே மோட்டார் திரும்பத் திரும்ப இறைத்துக்கொண்டிருக்கிறது. ஓடும்போது சத்தமில்லாமல், நிறுத்திய பிறகு மட்டும் குழாய் காலியானால், என்.ஆர்.வி-யிலோ நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள இணைப்பிலோ பழுது. எதுவானாலும் குழாயை மேலே எடுத்தாக வேண்டும். ஆனால், எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து எடுக்கலாம். எடுக்கும்போது ஒவ்வொரு இணைப்பின் மரையையும் பார்த்துவிடுங்கள். என்.ஆர்.வி-யை அப்போதே புதிதாக மாற்றிவிடுவது நல்லது. மறுபடி ஏற்றி இறக்கும் கூலி அதைவிட அதிகம்.

‘‘மாடுகளுக்காக 10-க்கு 10 அடியில் கட்டிய சிமென்ட் தொட்டியில் தண்ணீர் தினமும் குறைகிறது. வெயிலில் ஆவியாவதா, கசிவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?’’

- வாசகர், ஆண்டிபட்டி, தேனி மாவட்டம்.

ஒரு வாளி இருந்தால் போதும். தொட்டிக்குள் கல் ஒன்றைப் போட்டு, அதன் மேல் வாளியை வையுங்கள். வாளி விளிம்பு தண்ணீருக்கு மேலே தெரியட்டும். வாளிக்குள்ளும் தொட்டியிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் இருக்கும்படி நிரப்பி, வாளியின் உள்ளேயும் வெளியேயும் கோடு போடுங்கள். 24 மணி நேரம் மாடு குடிக்காமலும், தண்ணீர் விடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். மழை இல்லாத நாளாக இருக்கட்டும். வாளிக்குள் குறைந்தது, வெயில் குடித்தது. தொட்டியில் அதைவிடக் கூடுதலாகக் குறைந்தால், அந்தக் கூடுதல்தான் கசிவு. உங்கள் தொட்டியில் ஓர் அங்குலம் என்பது சுமார் 235 லிட்டர்.

கசிவுதான் என்று தெரிந்தால், முதலில் வெளியேறும் குழாயின் வாயை உள்பக்கமாக அடைத்துவிட்டு, அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். இப்போது கசிவு நின்றுவிட்டால், சுவரில் குற்றமில்லை. குழாயும் சுவரும் சேரும் இடத்தையோ, வெளிக்குழாயையோ பாருங்கள். தொடர்ந்து குறைந்தால், தானாக எந்த மட்டத்தில் நிற்கிறது என்று கவனியுங்கள். பொங்கலூர் வாசகிக்குச் சொன்ன அதே கணக்குதான். மட்டம் எங்கே நிற்கிறதோ, அந்தக் கோட்டில்தான் சுவர் விரிசல் இருக்கும். முழுவதும் வற்றினால் தரையில் விரிசல். தண்ணீர் அசையாமல் இருக்கும்போது, சந்தேகப்படும் இடத்துக்கு அருகில் சமையலுக்குப் பயன்படுத்தும் கலர் பொடியைக் கரைத்து மெதுவாக விட்டுப் பாருங்கள். விரிசல் இருந்தால், கலர் அதற்குள் இழுபடுவது கண்ணுக்கே தெரியும். அந்த இடத்தைக் கொத்தி எடுத்து, காயவிட்டு, தண்ணீர் தாங்கும் கலவை சேர்த்த சிமென்ட் பூசினால் போதும். தொட்டி முழுக்கப் பூச வேண்டியதில்லை.